தாய்மாமன் மடியும் நாற்பத்தொரு கிட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, அறுபது எழுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் மூக்கில் நானே ஒரு பஞ்சுக் குச்சியை விட்டுச் சுழற்றினேன். பக்கத்தில் மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

மூக்கில் குச்சி விடுவதற்கு மேளம் எதற்கு? சொல்கிறேன். அதற்கு முந்தின வாரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் திருநகர் தெருவில் அந்த வாரம் முழுக்க ஒரே இருமல். கொரோனா மறுபடி தலைகாட்டுகிறது என்று டிவியில் சொன்னார்கள். ஆனால் எங்கள் தெருவில் யாருக்கும் கொரோனா கிடையாது. ஒருவருக்கு ஏசி ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவருக்குத் தண்ணீர் மாறிவிட்டது. இன்னொருவர் தலைக்குக் குளித்துவிட்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் லேசாகத் தொண்டை கரகரப்பு... அது டவுனுக்குப் போனபோது குடித்த ஜிகர்தண்டா. காரணம் இல்லாமல் இருமுகிற ஆள் மதுரையில் உண்டா என்ன?

அடுத்த வீட்டு செல்விக்கு மட்டும் இப்படிக் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வழியில்லை. புற்றுநோய்க்கு எடுத்துக்கொண்ட சிகிச்சை முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. தலையில் இப்போதுதான் முடி முளைக்கிறது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி என்று எதுவும் மிச்சம் இல்லை, ஒரு தொற்று வந்தால் நேரே ஐசியுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அதனால் நானும் அவளும் பேசுவதெல்லாம் காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நின்றுதான்.

அவளுடைய மூன்று வயது மகன் கவினுக்குக் காதுகுத்து. அவள் சிகிச்சைக்காகவே ஒரு வருடம் தள்ளிப்போட்ட விசேஷம். மொட்டை மாடியில் பந்தல் போட்டு, காற்றோட்டமாக நடத்தினால் அவள் உட்காரலாம் என்றார் டாக்டர். ஒரே நிபந்தனை... அவளுக்குக் கை எட்டுகிற தூரத்தில் வருகிறவர்கள் எல்லாரும் அன்று காலை வீட்டு டெஸ்ட் கிட்டில் பார்த்துவிட்டு வர வேண்டும்.

செல்வி விரல் விட்டு எண்ணினாள். கணவர் சரவணன். பிள்ளை. காது குத்துகிற ஆசாரி. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்கிற தாய்மாமன். அப்புறம், மற்றவர்கள் நெருங்காதபடி அவளுக்குக் காவலாகப் பக்கத்தில் உட்காரப்போகும் நான். மொத்தம் ஐந்து கிட்.

ஐந்தே ஐந்து. வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன்.

முதல் மெடிக்கலில், அதெல்லாம் போன சீசனோடு போயிற்று என்றார்கள். ஏதோ மாம்பழம் கேட்டது போல. அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகவே எடுப்போம் என்றார்கள், நல்ல மனசு. ரிசல்ட் எப்போது என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை. விசேஷம் ஞாயிற்றுக்கிழமை. ஏழாவதாக ஏறிய கடையில் இரண்டு இருந்தன. ஒன்றின் விலைக்கு ஒரு மட்டன் பிரியாணி சாப்பிட்டு, மேலே ஒரு சுக்காவும் சொல்லலாம்.

ஏன் இந்த விலை என்று கேட்டேன்.

“யாரும் வாங்குறதில்லக்கா. அதான் வெல கூடிப்போச்சு.”

ஏன் யாரும் வாங்குவதில்லை?

“வெல கூடிப்போச்சுல்ல...”

பொருளாதாரம் படித்தவர்கள் யாராவது இதை எனக்கு விளக்கிச் சொல்லுங்கள். இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

சரவணன் விலையைக் கேட்டுவிட்டு அநியாயம் என்றார். அநியாயம்தான். ஒரு தனியார் பள்ளியில் வேன் ஓட்டுகிறவர் அவர். மருந்துச் செலவில் ஏற்கெனவே ஆடிப்போயிருக்கிறார். ஆனால் அப்படிச் சொன்னபோது அவர் கையில் ஃப்ளெக்ஸ் கடை ரசீது இருந்தது. பன்னிரண்டு அடி ஃப்ளெக்ஸ், நடுவில் தாய்மாமன் மீசையோடு சிரிக்கிறார். அந்த ஃப்ளெக்ஸ் காசுக்கு எத்தனை கிட் வரும் என்று எனக்குக் கணக்கு ஓடியது. வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

இரண்டு கிட்டை வைத்து ஐந்து பேருக்கு எப்படிப் பார்ப்பது? சரவணன் யோசித்துவிட்டுக் கேட்டார்.

“வீட்டுக்கு ஒருத்தருக்குப் பாத்தாப் போதாதாக்கா?”

சிரிக்காதீர்கள். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் நாம் அப்படித்தானே போகிறோம்? வீட்டுக்கு ஒருவர் போய்த் தலையைக் காட்டினால் மொத்தக் குடும்பமும் வந்த மாதிரி. அந்த வழக்கத்தை வைரஸும் மதிக்கும் என்று நம்பினார். கடைசியில் தாய்மாமனுக்கு ஒன்று, ஆசாரிக்கு ஒன்று என்று முடிவானது. எனக்கு வேண்டாம் என்று நானே பெருந்தன்மையாகச் சொன்னேன். மாஸ்க் போடுகிற ஆள், படித்த ஆள், பத்தி எழுதுகிற ஆள்... எனக்கெல்லாம் எதற்கு?

தாய்மாமன் பாண்டி, பேரையூர்ப் பக்கம் ஆட்டு வியாபாரி. தங்கை மேல் உயிர். செல்விக்கு ஊசி போட்ட நாளெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் காவல் கிடந்தவர். சரவணன் போனில் விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் கொதித்துவிட்டார்.

“சந்தையில ஆட்டுக்குத்தான் மாப்ள வாயத் தொறந்து பாத்து வாங்குவோம். என் மருமகன மடியில வைக்க எனக்கே பாப்பீங்களோ? அப்ப நான் வரல. ஆள வச்சு நடத்திக்கங்க.”

போன் கட்.

இரண்டு நாள் சொந்தபந்தங்களின் போன்கள் ஓயவில்லை. மாமனைச் சந்தேகப்பட்டது தப்பு என்று ஒரு கட்சி. மாமன் மன்னித்துவிட்டுப் போகலாம் என்று இன்னொரு கட்சி. அத்தனை பேச்சிலும் செல்வியின் உடம்பைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்வி சுவரோரம் வந்து நின்றாள்.

“விடுங்கக்கா. அண்ணே வரட்டும். நான் உள்ரூம்ல இருந்துக்கிறேன். வீடியோகாரர் எடுப்பாருல்ல, அப்புறமாப் பாத்துக்கிறேன்.”

அழாமல்தான் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாண்டிக்கு நானே போன் போட்டேன். வைரஸ், தொற்று, விஞ்ஞானம் எதுவும் பேசவில்லை. “தம்பி, நீங்க பிள்ளைய மடியில வைக்கிறத உங்க தங்கச்சி பாக்காது. ரூமுக்குள்ள இருக்கப் போகுது” என்று மட்டும் சொன்னேன். பின்னால் ஆடுகள் கத்துவது கேட்டது. சரி, வைங்கக்கா என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான், காரியம் கெட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தெருமுனையில் மேளச் சத்தம். தாய்மாமன் சீரோடு வருகிறார். பழத்தட்டு, வெற்றிலைத் தட்டு, பட்டுத் துணி, சாக்லேட் கோபுரம், தங்கத் தோடு... எல்லாவற்றுக்கும் முன்னால், பாண்டியின் தலையிலேயே ஒரு பெரிய தாம்பாளம். மஞ்சள் கண்ணாடிப் பேப்பர் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி, கோபுரம் மாதிரி அடுக்கியிருந்தது — டெஸ்ட் கிட்.

மைக்கில் அறிவித்தார்கள். தாய்மாமன் சீர்வரிசையில் டெஸ்ட் கிட் நாற்பத்தொன்று.

மதுரையில் மொத்த வியாபாரியைத் தேடிப் பிடித்து, ஆட்டுக்குப் பேசுவது போல் பேரம் பேசி வாங்கினாராம். கடையில் சொன்ன விலையில் பாதிகூட இல்லை. அப்படியானால் இத்தனை நாள் நம்மிடம் சொன்னது என்ன விலை? ஒவ்வொரு தெருவும் சேர்ந்து இப்படி மொத்தமாக வாங்கியிருந்தால் எத்தனை செல்விகள் ரூமை விட்டு வெளியே வந்திருப்பார்கள்?

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சனிக்கிழமை வரை டெஸ்ட் எடுக்கச் சொன்னால் அவமானம். ஞாயிற்றுக்கிழமை, எடுக்கச் சொல்லாவிட்டால் அவமானம். சீர் ஆயிற்றே! அந்த வீட்டுக்கு இரண்டு கொடுத்தார்கள், எங்களுக்கு ஒன்றுதானா என்று ஒரு பெரியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

எல்லாரும் தாய்மாமன் முதலில் எடுக்கட்டும் என்றார்கள். பாண்டி என்னைப் பார்த்தார்.

“போன் போட்டது நீங்கதானக்கா. மொதல்ல நீங்க எடுங்க.”

எடுத்தேன். மேளத்தோடு, வீடியோ வெளிச்சத்தோடு. எப்படி எடுக்க வேண்டும், ஒரு கோடு வந்தால் தொற்று இல்லை, இரண்டு வந்தால் இருக்கிறது என்று கூட்டத்துக்கு வகுப்பு வேறு நடத்தினேன்.

பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் இரண்டு கோடு.

ஜிகர்தண்டா என்று சொல்ல வாயெடுத்தேன். மேளக்காரர்களே பத்தடி தள்ளிப் போய்விட்டிருந்தார்கள். அன்று முழுக்க செல்வியின் தோளோடு தோள் உட்காரப்போனது நான். நேரே என் வீட்டுக்கு வந்து, மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜன்னல் வழியாக அந்தப் பந்தல் நன்றாகத் தெரிந்தது. மற்ற நான்கு பேருக்கும் ஒரே கோடுதான். பாண்டியின் மடியில் கவின் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். செல்வி மாஸ்க்குக்கு மேல் கண் கலங்க அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் அழுதேன், அதற்கும் கொரோனாதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் போன் வந்தது. பாண்டி.

“அக்கா, வாசல்ல கேரியர் வச்சிருக்கேன். கூட ஆறு கிட்டு இருக்கு. ஒத்தக் கோடு வார வரைக்கும் பாத்துக்கங்க. சீருன்னு நெனச்சுக்கங்க.”

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வந்த முதல் அண்ணன் தம்பி சீர் இது... மூக்கில்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது!