நசுங்கிய செம்பு

காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். நிலவறைச் சாவியைத் தேடி மேசை லாச்சியை இழுத்தேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு செப்புத் துண்டு. உழுந்தளவுதான், நசுங்கி, நடுவில் புடைத்திருந்தது. சாவி கிடைக்கவில்லை. வாசம் மட்டும் வந்துவிட்டது: எரிந்த வெடிமருந்து, துப்பாக்கி எண்ணெய், அவற்றோடு சூடாகிற பருப்புக்கறி.

தொண்ணூறுகளில் ஜேர்மனியில் ஹனோவருக்கு வெளியே ஒரு சிறிய சோதனைப் பட்டறையில் வேலை செய்தேன். வீட்டிலேயே தோட்டா நிரப்பும் வேட்டைக்காரர்கள், தாங்கள் இட்ட வெடிமருந்தைத் துப்பாக்கி தாங்குமா என்று அறிய எங்களிடம் வருவார்கள். தடித்த உருக்குக் குழலில் தோட்டாவைப் போடுவோம். குழலின் பக்கத்தில் ஒரு துளை, அதற்குள் ஒரு தண்டு, தண்டின் தலையில் புதுச் செப்புத் துண்டு. வெடிக்கும் வாயு தண்டைத் தள்ளி அதை நசுக்கும். சுவருக்குப் பின்னால் நின்று நான் கயிற்றை இழுப்பேன். இமை பாதி மூடுவதற்குள், சுண்டுவிரல் நகமளவு இடத்தில் ஏறக்குறைய நாலு தொன் பாரம் ஏறி இறங்கிவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. செம்பு எவ்வளவு குறுகியதென்று அளந்தால் அழுத்தம் தெரியும். எத்தனை தரம் இழுத்தும், அந்தத் துண்டைக் கையில் எடுக்கும்போது எனக்கு மயிர் கூச்செறியும்.

சுட்ட தோட்டாக்களின் வெறுங்கோதுகளைக் கழுவிச் சோதிக்கும் அருள் அண்ணை மன்னார்க்காரர். "சூட்டுக்குப் பயந்து ஓடி வந்தனி, இஞ்ச நாள் முழுக்கச் சுடுறாய். அகதி விசாரணையில இதைச் சொல்லிப்போடாத" என்பார்.

"நான் கயிறுதான் இழுக்கிறன் அண்ணை."

ஒரு பெப்ரவரியில் ஒரு பல்வைத்தியர் இரண்டு சிறு பெட்டிகளில் தோட்டா கொண்டுவந்தார். அடுத்த வாரம் நமீபியாவுக்கு வேட்டைக்குப் போகிறாராம். அளக்குமுன் தோட்டாக்களை ஒரு நாள் முழுக்க இருபத்தொரு பாகைச் சூட்டில் நிற்கும் அலுமாரியில் வைக்கவேண்டும். ஒரு பெட்டியை வைத்தேன். மற்றதை வைக்க மறந்தேன். குளிர்ந்தது எதுவானாலும் அறையைச் சூடாக்கும் றேடியேற்றரின்மேல் வைப்பது என் பழக்கம்: கையுறை, சப்பாத்து, சோற்றுப்பெட்டி.

மறுநாள் அலுமாரித் தோட்டாக்களின் அழுத்தம் எல்லைக்குள்ளேயே நின்றது. பட்டறைத் தலைவரான மைஸ்டர் அறிக்கை எழுத உட்கார்ந்தார். அப்போதுதான் அருள் அண்ணை கூப்பிட்டார். "டேய், உன்ர சோத்துக்குப் பக்கத்தில பல்டொக்டரும் சூடாகிறார்."

வித்தியாசம் இராது, பிழையை மூடிவிடலாமென்று, றேடியேற்றரில் கிடந்த தோட்டாக்களில் ஒன்றை அவசரமாகப் போட்டு இழுத்தேன். சத்தம் வழக்கம்போலத்தான். குழலின் பின்பூட்டு மட்டும் திறக்கவில்லை. மரச் சுத்தியலால் தட்டவேண்டி வந்தது. செம்பை அளந்தேன். திரும்பவும் அளந்தேன். அழுத்தம் எல்லையை வெகுவாகத் தாண்டிவிட்டது. அதே மருந்து, அதே கை நிரப்பியது. ஒரு றேடியேற்றரின் சூடு மட்டும் கூட.

"சொன்னா வேலை போகும் அண்ணை."

"சொல்லாட்டி?" என்றார். பல்வைத்தியர் நமீபியா வெயிலுக்குப் போவது அவருக்கும் தெரியும்.

செம்பைக் கொண்டுபோய் மைஸ்டரின் அறிக்கைமேல் வைத்துச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பேனையை மூடி, "எத்தனை பாகை?" என்றார். என் சோற்றுப்பெட்டிக்குப் பக்கத்தில் வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டுப் பல்வைத்தியருக்கு ரெலிபோன் எடுத்தார்.

பல்வைத்தியர் கோபத்தோடு வந்தார். "முப்பது சுட்டுப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை."

"எப்போது?" என்றார் மைஸ்டர்.

"ஜனவரியில், பனிக்குள்."

"நமீபியாவில் ஜீப்புக்குள் வெயிலில் தோட்டா எவ்வளவு சூடாகும்?"

பல்வைத்தியர் அலுமாரித் தோட்டாவின் செம்பையும் றேடியேற்றர்த் தோட்டாவின் செம்பையும் உள்ளங்கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருந்தைக் குறைத்துப் புதிதாக நிரப்பி, எங்களிடம் அளந்தபிறகே விமானம் ஏறினார். அங்கிருந்து அவர் அனுப்பிய ஒட்டகச்சிவிங்கிப் படத் தபாலட்டையை மைஸ்டர் றேடியேற்றருக்கு மேலே ஒட்டினார். எல்லை தாண்டிய செம்பை நான் வைத்துக்கொண்டேன்.

மைஸ்டர் இப்போது இல்லை. அருள் அண்ணை கனடாவில். செம்பின் வேலையை மின் உணரிகள் செய்கின்றன. பட்டறை இருந்த இடத்தில் சமையலறை அலுமாரிகள் விற்கிறார்கள். போன மாதம் போய்ப் பார்த்தேன். றேடியேற்றரைக் கழற்றிவிட்டார்கள், சூடு இப்போது தரைக்குக் கீழேயிருந்து வருகிறது.