இரண்டு பட்டைகளைக் கழற்றியவள்

மலைமேல் இருக்கிற பதினோரு குடியிருப்புகளிலும் அவளுக்கு ஊசியக்கா என்றுதான் பெயர். காலையில் வண்டியேறிப் போய் வீடு வீடாகச் சோதனைக்கு ரத்தம் எடுப்பாள். மதியத்துக்குள் அடிவாரத்துப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பாள். ஒன்பது வருடமாக இதே வேலை. அவள் குத்தினால் வலிக்காது என்று நல்ல பேர். அந்தப் பேரைக் கெடுக்க வந்து சேர்ந்தது ஏழு மாதத்துக்கு முன் அவள் வாங்கிய பழைய ஜீப்.

பாதை முழுக்கக் கல்லும் குழியும். ஜீப் தூக்கிப் போடுகிற போட்டில் குழாய்க்குள் ரத்த அணுக்கள் உடைந்துவிடும். உடைந்த ரத்தம் சோதனைக்கு உதவாது. மறுபடி போய்க் குத்த வேண்டும். சிறுநீரகக் கோளாறுள்ள ஒரு முதிய தையல்காரரை ஒரே மாதத்தில் மூன்று முறை குத்தியும் முடிவு வந்தபாடில்லை. மனிதர் ஒவ்வொரு முறையும் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கூடத்து மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். "மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம்மா. அப்பவும் இப்படித்தான்னா, மலைக்காரங்களையே கீழ வரச் சொல்லிடுவோம்."

எழுந்து நிற்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியவர்கள் எப்படி வருவார்கள் என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை. அவர் அந்த மலையை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

ஜீப்பின் குலுக்கலைத் தாங்குகிற சஸ்பென்ஷனை மாற்றுவது என்று முடிவானதும் ஆளாளுக்கு நாட்டாமை ஆனார்கள். அவள் தம்பிக்கு ஜீப் என்றாலே உயரம்தான். "நாலு இஞ்சு தூக்கிடலாம்க்கா. கெட்டி ஸ்பிரிங்கா போட்டுட்டா எந்தக் கல்லும் ஒண்ணும் பண்ணாது," என்றான். மெக்கானிக்கும் ஒத்து ஊதினார். மாதம் ஒரு நாள் ஜாலிக்குக் காட்டுக்குள் போகிறவனுக்கு அது பொருந்தும். தினமும் ஓட்டுகிறவள் பாடு வேறு.

தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவள், கெட்டுப்போன குழாய்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏழு மாதத்தில் நாலே நாலு நாள் ஒரு குழாய்கூடக் கெடவில்லை. மண்டையைக் குடைந்து யோசித்ததில் பிடிபட்டது. பஸ்ஸைத் தவறவிட்டவர்களைப் பின்னால் நெருக்கி உட்காரவைத்துக் கூட்டிவந்த நாட்கள் அவை. ஜீப்பை முன்பு வைத்திருந்தவர் மரம் ஏற்றியவர். கனம் தாங்கட்டும் என்று பட்டை பட்டையாக அடுக்கிய பின் ஸ்பிரிங் ஒவ்வொன்றிலும் இரண்டு இரும்புப் பட்டைகளைக் கூடுதலாகச் செருகியிருந்தார். ஆறு பேர் உட்கார்ந்தால் அவை வளைந்து கொடுக்கும். ரத்தக் குழாய்கள் அடுக்கிய இவளுடைய ஒற்றைப் பெட்டிக்கு அசைந்தே கொடுக்காது. கல் தருகிற அடியை அப்படியே பெட்டிக்குக் கடத்திவிடும். இதில் இன்னும் கெட்டி ஸ்பிரிங்காம்!

மறுநாள் எடைமேடையில் பெட்டியோடு ஜீப்பை நிறுத்தி, முன்சக்கரத்துக்குத் தனி, பின்சக்கரத்துக்குத் தனி என்று எடை போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

"பின்னாடி ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பட்டையைக் கழட்டிடுங்கண்ணே. இந்த எடைக்குத் தகுந்த ஷாக் அப்சார்பர் போடுங்க. உயரம் வேண்டாம்."

மெக்கானிக் எடைச்சீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "எல்லாரும் சேக்கத்தான் வருவாங்க. நீங்க கழட்டச் சொல்றீங்களேம்மா."

"ஜீப்பைப் பாத்து நாலு பேரு சிரிப்பாங்கக்கா," என்றான் கூட வந்திருந்த தம்பி.

"சிரிச்சுட்டுப் போகட்டும். குத்து வாங்குறது அவங்க இல்லடா."

அதற்கு மேல் அவன் பருப்பு வேகவில்லை.

புது ஷாக் அப்சார்பரோடு இறங்கிய முதல் நாள், பெட்டியில் இருபத்தாறு குழாய்கள். தையல்காரருடையதும் அதில் ஒன்று, நான்காவது குத்து. ஜீப் குலுங்கியது, தூக்கிப் போடவில்லை. மேலாளர் ஒவ்வொரு குழாயாக வெளிச்சத்தில் பிடித்துக் குறை தேடினார். கிடைக்கவில்லை. மாதக் கடைசி வந்தது, போனது; ஒரு குழாய்கூடத் திரும்பவில்லை. மலைக்காரர்களைக் கீழே வரச் சொல்லும் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை. ஊசியக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் அவள் ஜெயித்தது அந்தக் கூடத்தில் அல்ல. முதல் நாளுக்கு மறுநாளே தையல்காரர் வீட்டுக்கு ஊசி எடுக்காமல் போய், முடிவுத் தாளை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"அப்போ இனிமே குத்த மாட்டியாம்மா?"

"மூணு மாசம் கழிச்சு வருவேங்கய்யா," என்றாள். "ஒரே ஒரு தடவை குத்துவேன்."

ஜீப் வாங்கிய நாளிலிருந்து யாரிடமும் அவளால் அப்படி அடித்துச் சொல்ல முடிந்ததில்லை.