ஸ்ரனிஸ்லாஸ் தருவித்த இரண்டு லுநெற்றுகள்

பாரிசின் லா சப்பலில் இறைச்சிக் கடையொன்றில் ஆடு வெட்டும் ஸ்ரனிஸ்லாஸ், ஐம்பத்தோராவது வயதில் வேட்டைக்கான பெர்மி, அதாவது அனுமதிப்பத்திரம், எடுத்தார். பரீட்சையில் இரண்டு தடவை தவறி மூன்றாவது தடவை தேறியவர்.

"நாங்கள் ஊரிலை துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீ காசு குடுத்து வாங்கிறாய்" என்றார் கடை முதலாளி வாமதேவன்.

ஸ்ரனிஸ்லாஸ் பாரிசுக்கு வடக்கே, பன்றிகள் சோளக்காட்டை உழுதுபோடும் ஒரு கிராமத்து வேட்டைச் சங்கத்தில் சேர்ந்துகொண்டார். பயிரைக் காக்கப் பன்றியை மட்டும் சுட அனுமதியுள்ள ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் ஒருநாள், பொழுதுபடும் நேரம், ஒரு பெரிய பன்றி அவர் முன்னால் வந்து நின்றது. துவக்கின் மேல் பூட்டியிருந்த பழைய லுநெற்றுக்குள், குறிபார்க்கும் அந்தத் தொலைநோக்கிக்குள், எல்லாம் ஒரே மங்கல். சுடாமல் விட்டார். புது லுநெற் ஒன்று வாங்குவதென்று அன்றைக்கே முடிவெடுத்தார்.

அங்கேதான் பிடித்தது சனியன். தேடிக் கழித்ததில் மிஞ்சியவை இரண்டு. ஒன்று ஒஸ்திரியாவில் செய்தது, மற்றது ஜப்பானில். இரண்டுக்கும் ஒரே அளவு முன்கண்ணாடி, பன்னிரண்டு மடங்கு பெருப்பம். நிறையிலும் விலையிலும்கூடப் பெரிய வித்தியாசமில்லை. கடையில் விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் பளிச்சென்றுதான் தெரிந்தன. மாலை வெளிச்சத்தில் தெருவைப் பார்க்கலாமா என்று கேட்டதற்குக் கடைக்காரன் சிரித்தான். இணையத்தில் ஒருவன் புகழ்ந்ததை அடுத்தவன் குப்பை என்று எழுதினான். மூன்று கிழமை இதிலேயே போயிற்று.

"இஞ்சேருங்கோ, கலியாணத்துக்குப் பொம்பிளை பாக்கேக்கையும் இவ்வளவு யோசிக்கேல்லை நீங்கள்" என்றாள் மனைவி இம்மாகுலேற்.

"உமக்கு விளங்காது. பொறும்."

கடைசியில் இரண்டையும் தபாலில் தருவித்தார். வேண்டாததைப் பதினான்கு நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். ஒவ்வொரு மாலையும் மூன்றாம் மாடிக் குசினி யன்னலில் நின்று, எதிரே உள்ள சேலைக்கடைப் பலகையை மாறி மாறிப் பார்த்தார். ஒஸ்திரியாக்காரனில் மெற்றோவின் விளக்கைச் சுற்றிப் புகைபோல ஒரு வளையம் தெரிந்தது. ஜப்பான்காரனிலும் அதேதான். முதலில் ஒன்றைத் திட்டினார், பிறகு மற்றதை, பிறகு இரண்டையும் செய்தவர்களை.

ஒன்பதாம் நாள் கதவு தட்டப்பட்டது. வெளியே இரண்டு பொலிஸ். ஒரு ஆண், ஒரு பெண். யன்னலில் துப்பாக்கியோடு ஒருவர் நிற்பதாக யாரோ அறிவித்திருக்கிறார்கள். ஸ்ரனிஸ்லாஸ் பெர்மியைக் காட்டினார், பூட்டிய இரும்பு அலுமாரியைத் திறந்து உறைக்குள் இருந்த துவக்கைக் காட்டினார், மேசையில் கிடந்த இரண்டு லுநெற்றையும் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. அவர்கள் புறப்படும்போது அவருக்குப் பொறுக்கவில்லை.

"மதாம், நீங்களே ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கள். எது நல்லது?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

அந்தப் பெண் தன் கூட்டாளியைப் பார்த்தாள். பிறகு ஒன்றை வாங்கிக் கண்ணில் வைத்தாள், மற்றதையும் வைத்தாள். சேலைக்கடைப் பலகையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த தொலைபேசி இலக்கத்தைத் தடங்கலில்லாமல் வாசித்தாள்.

"இரண்டும் ஒன்றுதான், மிசியே. நல்ல தெளிவு."

"விளக்கைச் சுற்றிப் புகை தெரியவில்லையா?"

"புகையா? இல்லையே."

அவர்கள் போனதும் இம்மாகுலேற்றும் வாங்கிப் பார்த்தாள். அவளுக்கும் புகை இல்லை. ஸ்ரனிஸ்லாஸ் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு இடக்கண்ணால் பார்த்தார். தொலைபேசி இலக்கம் முழுவதும் தெரிந்தது. யன்னலைச் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

"லுநெற்றிலை இல்லையப்பா. உங்கடை கண்ணிலைதான்" என்றாள் அவள் மெதுவாக.

"தெரியுது. சொல்லத் தேவையில்லை."

கண் வைத்தியர் வலக்கண்ணில் வெண்புரை என்றார். அறுவைச் சிகிச்சைக்குப் பெப்ரவரியில்தான் இடம் கிடைத்தது. அதுவரை அந்தக் கண்ணை நம்பிச் சுடக்கூடாது. இடக்கண்ணால் குறிபார்க்க அவருக்கு வரவுமில்லை. ஜப்பான்காரனைத் திருப்பி அனுப்பினார். ஒஸ்திரியாக்காரன் அவருடைய மூக்குக் கண்ணாடியில் முட்டாமல் கொஞ்சம் தள்ளி நின்றது, அவ்வளவுதான் காரணம். அதையும் ஆசையோடு வைத்துக்கொள்ளவில்லை.

பொது வேட்டைக் காலம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை சங்கத் தலைவரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் செம்மஞ்சள் மேலங்கியொன்றையும் தடியையும் கொடுத்து, பன்றி கலைக்கிறவர்களோடு அனுப்பினார். முள்ளுப் பற்றைக்குள் கால்சட்டை கிழிய, ஸ்ரனிஸ்லாஸ் நாலு மணித்தியாலம் நடந்தார். மற்றவர்கள் பிரெஞ்சில் கூவினார்கள். அவருக்கு வாயில் வந்ததெல்லாம் தமிழ்த் தூசணம். ஒரு தாய்ப்பன்றியும் குட்டிகளும் பத்தடி தள்ளிக் குறுக்கே ஓடின. லுநெற் எதுவும் இல்லாமலே நன்றாகத் தெரிந்தன.

"அடுத்த கிழமையும் வா. உன்னுடைய சத்தத்துக்குத்தான் பன்றிகள் எழும்புதுகள்" என்றார் தலைவர்.

வருவதாகச் சொல்லிவிட்டு, திரும்பும் ரயிலில் கால்சட்டையில் தைத்திருந்த முள்ளுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.