தாய்மாமனுக்குத் தலைவலி

"வீட்டுக்குள்ள என்னடா கூலிங் கிளாஸ்?"

போன மாதம் என் தம்பி செல்வத்தைப் பார்த்ததும் நான் கேட்ட கேள்வி இது. எங்கள் தங்கை மகேஸ்வரியின் மகளுக்குக் காதுகுத்து. பத்திரிகை வைப்பதற்காக உசிலம்பட்டியிலிருந்து தல்லாகுளத்துக்கு, என் வீட்டுக்கு வந்திருந்தான். சோபாவில் உட்கார்ந்த பிறகும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"சும்மா ஸ்டைலுக்குக்கா."

நாற்பதை நெருங்குகிறவனுக்கு என்ன ஸ்டைல்? ஜன்னல் திரையை விலக்கினேன். வெளிச்சம் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காபி கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு பாத்ரூமுக்கு ஓடினான் – வாந்தி.

"தலை வலிக்குதாடா?"

"ஒண்ணுமில்லக்கா. நீர் கோத்திருக்கு. ஆவி பிடிச்சா சரியாப் போகும்."

எங்கள் வம்சத்தில் தலைவலிக்கு ஒரே காரணம்தான். நீர் கோத்திருக்கும். அதற்கு மேல் யாரும் ஆராய்ச்சி செய்வதில்லை.

ஆனால், செல்வம் விஷயத்தில் செய்தாக வேண்டும். ஏனென்றால் இரண்டு வருஷமாக என் கிட்னிகளில் ஒன்று அவன் வயிற்றில்தான் வேலை பார்க்கிறது. (பழைய வாசகர்களுக்குத் தெரியும். எத்தனை வாரம் புலம்பியிருக்கிறேன்!) வந்த கிட்னியை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளைத் தினமும் விழுங்குகிறான். வாட்ச்மேனைத் தூங்க வைத்தால் வேண்டிய விருந்தாளி மட்டுமா உள்ளே வருவான்?

அவனுக்கு வீட்டில் அதட்டிக் கேட்கப் பெண்டாட்டியும் இல்லை. நான்தான் கேட்க வேண்டும். கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது... இரண்டு வாரமாகத் தலைவலி. சாயங்காலமானால் லேசான காய்ச்சல். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு சமாளித்திருக்கிறான்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா பெட்ல போட்ருவாங்க. ஞாயித்துக்கிழமை அழகர்கோவில்ல காதுகுத்து. நான் தாய்மாமன்க்கா!"

அதுதான் விஷயம். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். ஆசாரி வந்தாலும், கெடா வெட்டினாலும், மாமன் மடி இல்லையென்றால் குத்து கிடையாது. எங்கள் பக்கத்தில் இதற்கு மறுபேச்சு இல்லை. செல்வம் உயிரை விடத் தயார். மடியை விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கிட்னி மாற்றியவன், தலைவலி, காய்ச்சல் – இந்த மூன்றையும் கேட்டதுமே டாக்டரம்மா முகம் மாறியது. விரல் நுனியில் ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தம். ஒரு சின்ன அட்டைப் பட்டை. அவ்வளவுதான்.

கேன்டீனில் வாங்கிவந்த டீ ஆறுவதற்குள் பட்டையில் இரண்டு கோடு விழுந்தது. இரண்டு கோடு என்றால் நம் வீடுகளில் இனிப்பு வாங்கக் கிளம்புவோம். டாக்டரம்மா அட்மிஷன் சீட்டை எடுத்தார்.

"பூஞ்சைத் தொற்றும்மா."

"பூஞ்சையா? ஊறுகாய்ல பூக்குமே... அதுவா?"

"அந்த ஜாதிதான். மண்ணுல, புறா எச்சத்துல எல்லாம் இருக்கும். நமக்கெல்லாம் ஒண்ணும் செய்யாது. இவரு மாதிரி எதிர்ப்புச் சக்தி கம்மியா இருக்கறவங்களுக்கு மூளை வரைக்கும் போயிடும். முன்னெல்லாம் சாம்பிள் அனுப்பிட்டு, அது வளர்ற வரைக்கும் நாள் கணக்குல காத்திருப்போம். அதுக்குள்ள சில பேரு..."

பேச்சைப் பாதியில் விட்டு, சீட்டை நர்ஸிடம் நீட்டினார்.

முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்து அதிலும் ஒரு பட்டையை நனைத்தார்கள். அதிலும் இரண்டு கோடு. மூளைக்குப் போய்விட்டது.

"ரத்தத்துல மட்டும் இருந்தப்பவே வந்திருந்தா, மாத்திரையிலயே முடிஞ்சிருக்கலாம். இப்ப ஊசிதான். அந்த ஊசி மருந்து கிட்னியைக் கொஞ்சம் பதம் பார்க்கும். ஜாக்கிரதையாத்தான் கொடுக்கணும்."

யாருடைய கிட்னியை? என் கை தானாக இடுப்புத் தழும்புக்குப் போனது. பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன் – அந்த நிமிஷம் தம்பியைவிட என் கிட்னிக்காகத்தான் அழுதேன்.

செல்வமோ டாக்டரம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தான். "ஞாயித்துக்கிழமை சாயங்காலமே வந்து படுத்துக்கிறேன் டாக்டர். ஒரு மணி நேரம் மடியில வச்சிருந்தாப் போதும்."

அதற்குள் ஊருக்குச் செய்தி போய்விட்டது. பெரியப்பா போனில் வந்தார். பத்திரிகை கொடுத்தாச்சு, கெடா வாங்கியாச்சு, பந்தல் சொல்லியாச்சு என்று ஒப்பித்துவிட்டு ஒரு யோசனையும் சொன்னார்.

"ஏந்தாயி, ஒன் கிட்னிதான அவனுக்குள்ள ஓடுது? அப்ப நீயும் பாதித் தாய்மாமன்தான். நீயே பிள்ளைய மடியில வச்சுக்க."

சிரிக்கவும் தெம்பில்லை எனக்கு.

கடைசியில் மகேஸ்வரிதான் முடித்துவைத்தாள். செல்வத்திடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

"அண்ணே, காது எங்கயும் ஓடிப் போயிராது. நீ படு. நீ வந்த பெறகுதான் எம்பிள்ளைக்குக் காதுகுத்து. இம்புட்டு நாள் மறச்சதுக்கு நேர்ல வந்து பேசிக்கிறேன்."

அவன் கூலிங் கிளாஸுக்குக் கீழே தண்ணீர் வழிந்தது. படுத்துவிட்டான்.

நான் எழுதும் இந்தப் பக்கம் சில வாரம் காலியாக இருந்ததற்கு இதுதான் காரணம். வார்டு வாசல் பெஞ்ச், குளிர் நடுக்கத்தோடு இறங்கிய மருந்து, காலையில் ரத்தம் எடுத்தால் மத்தியானம் வரை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பு. கிட்னி கொஞ்சம் தடுமாறி, இப்போது ஒருவழியாக நிலைத்து நிற்கிறது. செல்வம் மாத்திரைகளோடு ஊருக்குப் போய்விட்டான். எனக்குத்தான் அலுப்பு இன்னும் இறங்கவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தேன். நோயைக் கண்டுபிடிக்க அந்தப் பட்டைக்கு ஒரு டீ ஆறும் நேரம் போதும். அந்தப் பட்டை வரைக்கும் வந்து சேர நமக்குத்தான் இரண்டு வாரம். நடுவில் நிற்பது ஒரே ஒரு வார்த்தை – "ஒண்ணுமில்ல." கல்யாணம் முடியட்டும், திருவிழா முடியட்டும், காதுகுத்து முடியட்டும்... அதற்கு என்ன டெஸ்ட் இருக்கிறது?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. செல்வம்.

"அக்கா... காலைலருந்து லேசா தலை வலிக்கிது. பஸ் ஏறிட்டேன். நேரா ஆஸ்பத்திரிக்கு வாரேன். நீயும் வந்துரு."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும், தம்பிக்குத் தலைவலி என்று கேட்டு சந்தோஷப்பட்ட அக்கா மதுரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்!