நடந்து போகிற அக்கா பெயரில்

பூஜ்யத்தைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். இரும்பில் துளை போடுகிற இடத்தில் ஒரு ஷிப்ட் முழுக்க ஒரு பீஸ்கூடப் பழுதாகவில்லை என்று எந்த ரிப்போர்ட் சொன்னாலும் நம்பமாட்டேன். என் அப்பாவுக்கு நாகரசம்பட்டியில் மாந்தோப்பு. ஒரு லோடு மாங்காயில் அடிபட்ட காய் ஒன்றுகூட இல்லை என்று யாராவது சொன்னால் அவர் சிரிப்பார். அந்த அவநம்பிக்கை எனக்கும் வந்துவிட்டது, சிரிப்பு மட்டும் வரவில்லை.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற நடுத்தரக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. ஷாப் ஃப்ளோரில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்து, அதை சாஃப்ட்வேரில் கொண்டுவந்து, பிறகு அதைப் பயன்படுத்துகிறவர்களோடு உட்கார்ந்து மல்லுக்கட்ட வேண்டும். ஆபீஸில் இதற்கு நீளமான ஒரு இங்கிலீஷ் பெயர் இருக்கிறது. மெஷினில் நிற்கிற பெண்களுக்கு நான் கம்ப்யூட்டர் மேடம், அவ்வளவுதான்.

டிரில்லிங் செக்ஷனில் எல்லோரும் பெண்கள். எத்தனை பீஸ் ஓடியது என்பதை மெஷினே எண்ணிக்கொள்ளும். பழுதானதைச் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் ஒவ்வொருவரும் சுவரில் இருக்கும் திரையில் தன் நம்பரையும் பாஸ்வேர்டையும் போட்டு, தன்னிடம் எத்தனை பழுதானது, ஏன் பழுதானது என்று பதிய வேண்டும். இதுதான் முறை. ஆனால் மாதக்கணக்காக வந்த ரிப்போர்ட்டில் எல்லோருக்கும் பூஜ்யம், ஒரே ஒருவர் பெயரில் மட்டும் பழுது குவிந்து கிடந்தது.

அந்த ஒருவரை எல்லோரும் அக்கா என்பார்கள். அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பம். கம்பெனிக்குப் பின்னாலேயே ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து, மகளை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். வேலை காண்ட்ராக்டில்தான். அந்த மாதம் யார் யாரைப் பர்மனென்ட் செய்வது என்று லிஸ்ட் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் இடம் கிடைக்காவிட்டால் காண்ட்ராக்ட் முடிந்துவிடும், மகளின் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

புரொடக்‌ஷன் மேனேஜர் அவர் பெயரை ஏற்கெனவே அடித்துவிட்டார். ஏன் சார் என்று கேட்டேன்.

"நான் பேசலம்மா, ரிப்போர்ட் பேசுது. நீங்க போட்ட சாஃப்ட்வேர்தானே?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே முதல் ஷிப்ட் முடிகிற நேரத்துக்குக் கீழே இறங்கிப்போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றேன்.

சங்கு ஊதியது. வாசலில் அஞ்செட்டி பஸ்ஸும் ஜவளகிரி பஸ்ஸும் உறுமிக்கொண்டிருந்தன. டிரைவர் ஹாரனை அழுத்திவிட்டுக் கன்னடத்தில் ஒரு வசவு, தெலுங்கில் ஒரு வசவு என்று யாருக்கும் குறை வைக்காமல் வழங்கினார். பெண்கள் கையுறையைக் கழற்றியபடி ஓடினார்கள். திரைப் பக்கம் ஒருத்திகூடத் திரும்பவில்லை. ஓடுகிற ஓட்டத்திலேயே கத்தினார்கள்.

"அக்கா, எனக்கு நாலு, போட்டுடுக்கா!"

"எனக்கு ரெண்டுக்கா, பர்ரு!" துளையின் ஓரத்தில் பிசிர் நின்றால் அதற்குப் பெயர் பர்ரு.

அக்காவுக்குப் பஸ் இல்லை, நடந்து போகிறவர். அதனால் கடைசி வேலை அவருடையது என்று செக்ஷனில் ஒரு வழக்கம் தானாகவே ஏற்பட்டிருந்தது. அவர் தன் நம்பரில் திரையைத் திறந்து, எல்லோருடையதையும் ஒரே மூச்சில் பதிந்துவிட்டு விளக்கை அணைத்தார். பதியாதவர்கள் பெயரில் பூஜ்யம் தானாக ஏறிக்கொண்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

"உங்க பேர்லயே எல்லாம் ஏறுதுக்கா. பர்மனென்ட் லிஸ்ட்ல உங்க பேர அடிச்சிட்டாங்க, தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"அப்புறம் ஏன் சொல்லாம இருக்கீங்க?"

அவர் திரைக்கு மேலே ஒட்டியிருந்த நோட்டீஸைக் காட்டினார். அடுத்தவருக்காகப் பதிவு செய்பவருக்கும் செய்யச் சொல்பவருக்கும் மெமோ வழங்கப்படும் என்று மேனேஜர் கையெழுத்தோடு இருந்தது.

"சொன்னா அத்தன பேருக்கும் மெமோ. அவளுங்களும் காண்ட்ராக்ட்தான். இந்த பஸ்ஸ விட்டா அஞ்செட்டிக்கு அடுத்த பஸ் எப்பன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்? ஏறி எறங்கிப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. அவர் குரலில் கெஞ்சல் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. எனக்கும் எரிச்சல்தான். சொன்னால் மற்றவர்கள் மாட்டுவார்கள், சொல்லாவிட்டால் இவர் போய்விடுவார். இரண்டில் எதையும் நடக்க விடுவதில்லை என்று வீட்டுக்குப் போகிற வழியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் மேனேஜரிடம் போனேன்.

"அந்தத் திரைய மாத்தலாம்னு இருக்கேன் சார். நீங்க ஒருதரம் மெஷின் ஓட்டி, நீங்களே பதிஞ்சு காட்டுனா எனக்கு வேலை சுலபம்."

"நான் மெஷின்ல நின்னு வளந்தவன்மா. எனக்கா பரீட்ச வைக்கிறீங்க?"

"அதனாலதான் சார் உங்கள கேக்குறேன்."

முகஸ்துதி வேலை செய்தது. அன்று ஒருத்தி லீவு, அவள் மெஷின் சும்மா இருந்தது. ஷிப்டின் கடைசி அரைமணி நேரம் மேனேஜர் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். கை மறந்துபோயிருந்தது. பீஸைச் சரியாகப் பிடிக்காமல் இறக்கியதில் சிலது ஓட்டை கோணலாகித் தொட்டிக்குப் போனது. பக்கத்து மெஷின் பெண்கள் ரொம்பவும் கவனமாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

சங்கு ஊதியது. மேனேஜர் திரைக்கு முன்னால் போனார். கையுறையோடு தொட்டால் திரை அசையவில்லை. கழற்றினால் விரலெல்லாம் எண்ணெய். பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டார், மறுபடியும் தப்பாகப் போட்டார், அவர் நம்பர் பூட்டிக்கொண்டது. வெளியே ஹாரன். அந்த நேரம் பார்த்து முதலாளியிடமிருந்து போன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! போனைக் காதில் வைத்தபடி அக்காவைப் பார்த்துக் கையசைத்தார்.

"அம்மா, என்னோடதையும் சேத்துப் போட்டுடுங்க."

சொல்லிவிட்டு வேகமாக மாடிக்குப் போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்தார். போடுங்க என்று தலையசைத்தேன். அவர் மேனேஜரின் தொட்டியை எட்டிப் பார்த்து எண்ணி, அதையும் தன் நம்பரிலேயே பதிந்தார்.

மறுநாள் காலை மீட்டிங்கில் ரிப்போர்ட் பெரிய திரையில் வந்தது.

"மறுபடியும் இந்தம்மாதானா?" என்று ஆரம்பித்தார் மேனேஜர். பிறகு காரணத்தைப் படித்தார். "ஓட்டை கோணலா? பீஸ ஒழுங்கா பிடிச்சா அது வராதே..."

பாதியில் நிறுத்திவிட்டார். நான் எழுந்து நின்றேன்.

"அது உங்களோடது சார். அந்தம்மா நிறைய தப்புப் பண்ணல. எல்லாரோட தப்பையும் எழுதுனாங்க. நேத்து உங்களோடதையும் எழுதுனாங்க. மெமோ குடுக்குறதா இருந்தா உங்க பேர்லருந்து ஆரம்பிங்க சார்."

சொல்லி முடித்த பிறகுதான் என் வேலை நினைவுக்கு வந்தது. எனக்கும் வீட்டு வாடகை இருக்கிறது. மேனேஜர் ரிப்போர்ட்டில் அடுத்த செக்ஷனுக்குத் தாவிவிட்டார். மத்தியானம் நான் கீழே போனபோது சுவரில் அந்த நோட்டீஸ் இல்லை. டேப் ஒட்டிய தடம் மட்டும் இருந்தது. அவரே வந்து கிழித்ததாகப் பெண்கள் சொன்னார்கள். லிஸ்ட்டையும் புதுக் கணக்கு வரும்வரை நிறுத்தி வைத்திருந்தார். மனுஷன் மோசமில்லை, அந்தத் திரைக்கு முன்னால் அதுவரை நின்றதில்லை, அவ்வளவுதான்.

அதன்பிறகு நான் யாரையும் தூங்க விடவில்லை. சாஃப்ட்வேர் செய்து கொடுத்த பெங்களூர்க்காரர்கள் இதற்கெல்லாம் நாளாகும் என்றார்கள். தினமும் போன் போட்டு அவர்கள் உயிரை வாங்கினேன். ஷிப்ட் முடிவில் பதிகிற முறையே வேண்டாம், பீஸ் தொட்டியில் விழும்போதே பதியட்டும் என்றேன். ஒவ்வொரு மெஷினிலும் அடையாள அட்டையைக் காட்டினால் போதும், பாஸ்வேர்டு கிடையாது. கையுறையோடு அழுத்தும்படி பெரிய பட்டன்கள். எந்தப் பழுதுக்கு எந்தப் படம், எந்தச் சொல் என்று அந்தப் பெண்களே தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் சண்டை போட்டு முடிவு செய்தார்கள்.

புது முறை வந்ததும் பூஜ்யங்கள் காணாமல் போயின. எல்லோர் பெயரிலும் கொஞ்சம் கொஞ்சம் பழுது.

"என்னம்மா, எல்லாருக்கும் ஏறிடுச்சே?" என்று பதறினார் மேனேஜர்.

"ஏறல சார். எப்பவும் இருந்ததுதான், இப்பதான் கண்ணுக்குத் தெரியுது."

லிஸ்ட் வெளியானது. அக்கா பெயர் இருந்தது. வாழ்த்துச் சொல்லலாம் என்று டிரில்லிங் செக்ஷனுக்குப் போனேன். அவர் மெஷினில் அப்போதுதான் ஒரு பீஸ் பழுதாகியிருந்தது. அட்டையைக் காட்டிப் பட்டனை அழுத்தப் போனார். பக்கத்து மெஷின் பெண், நல்ல நாளும் அதுவுமாக அக்கா பெயரில் எதற்கு என்று நினைத்தாளோ என்னவோ, தன் அட்டையை எட்டி நீட்டினாள்.

"அக்கா, இத இன்னிக்கு என் பேர்ல போட்டுக்கோ."

அக்கா அவள் கையைத் தட்டிவிட்டார்.

"போடி. இது என்னோடது."