எட்டாம் நம்பர் கையுறை

அன்று வாசலில் நின்றவரிடம் நான் ஏன் அப்படிச் சொன்னேன்? இரண்டு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதில் கிடைக்கவில்லை.

வந்தவர் இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய விசாரணைக்காரர். அது எனக்குத் தெரியாது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, டாக்டர் இருக்கிறாரா என்று தெலுங்கில் கேட்டார். என் இடுப்பில் ஆறு மாதக் குழந்தை, அடுப்பில் பால். ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார் என்று நானும் தெலுங்கிலேயே சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

என் கணவர் திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் தலைமை சர்ஜன். அந்த நேரத்தில் அவர் தியேட்டரில் இருந்தது உண்மைதான். ஆனால் அவர் கத்தியைத் தொட்டு அப்போதே நான்கு மாதம் ஆகியிருந்தது.

சித்தூரிலிருந்து திருப்பதி அலிபிரிப் பக்கம் வீடு மாறிய அன்று நடந்தது அது. சாமான் இறக்க வந்த ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவர்கள் வரட்டும் என்று சொல்ல வேண்டியவள் நான். "தொட்டிலுக்கு வெளிச்சம் வேணும், பீரோவ ரெண்டடி தள்ளுங்களேன்" என்றேன். பீரோவின் ஆளுயரக் கண்ணாடி கழன்று அவருடைய வலது மணிக்கட்டில் விழுந்தது. நரம்பு அறுந்துவிட்டது. நல்ல கைகள்தான் தைத்தன. சோறு பிசையலாம், கையெழுத்துப் போடலாம் என்கிற அளவுக்குத் தேறினார். ஆனால் கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் உணர்ச்சி திரும்பவில்லை. நான்கு வயது மூத்தவள், வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "நைனா கை தூங்கினு கீது, எழுப்பாதீங்க" என்று எச்சரிப்பாள்.

படிக்கிற காலத்திலேயே அவர் ஒரு பாலிசி எடுத்திருந்தார். விபத்தால் சர்ஜனாக வேலை செய்ய முடியாமல் போனால், வேறு வேலை பார்த்தாலும் மாதாமாதம் ஒரு தொகை வரும். மருத்துவமனைக்கு அவர் தினமும் போய்க்கொண்டுதான் இருந்தார். வெளிநோயாளிகளைப் பார்ப்பார், தியேட்டரில் இளைய டாக்டர்கள் பக்கத்தில் நின்று வழி சொல்வார்.

விசாரணைக்காரர் வந்து போன மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. விபத்துக்குப் பிறகும் இவர் பதினொரு அறுவை சிகிச்சை செய்திருக்கிறார், ஆகவே மனு நிராகரிக்கப்படுகிறது. ஆதாரமாகத் தியேட்டர் ரிஜிஸ்டரின் போட்டோக்கள். சர்ஜன் என்ற கட்டத்தில் பதினொரு முறையும் முதல் பெயர் அவருடையது. கடைசியில் ஒரு வரி: வீட்டில் இருந்த பெண்மணியும் இதை உறுதி செய்தார்.

அந்த வரியைப் படித்து அவர் சிரித்தார். "வேலைக்கு வர்ற அக்காதான் ஏதோ ஒளறி வச்சிருக்கும்." நான் குழந்தையின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்துக்கொண்டே இருந்தேன்.

"வுடு. இவங்களோட யாரு மல்லுக் கட்டறது? அடுத்த மாசத்துலேந்து சின்னச் சின்ன கேஸ நானே பண்றேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டில் கம்பியில் நூலைக் கட்டி முடிச்சுப் போட்டுப் பழகினார். நூல் ஆள்காட்டி விரலை அறுத்து, தொட்டில் துணியில் ரத்தம் சொட்டியது. அவருக்குத் தெரியவில்லை. அடுத்த முடிச்சுக்குப் போய்விட்டார். இந்தக் கை யாருடைய வயிற்றுக்குள்ளும் போகக்கூடாது என்று நான் முடிவெடுத்தது அப்போதுதான். அதற்கு அந்தப் பணம் வந்தாக வேண்டும்.

ரிஜிஸ்டரை எழுதியவர் தியேட்டர் பொறுப்பில் இருந்த சிஸ்டர். சித்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். மருத்துவமனையில் பேசப் பயந்து, லீவு நாளில் வீட்டுக்கு வரச் சொன்னார். கைக்குழந்தையோடு பஸ் ஏறினேன். என்னால் சிஸ்டருடைய வேலைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பில், வழியில் இரண்டு ஸ்டாப்பிங்கில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று பார்த்தேன்.

"நான்தாம்மா எழுதினேன்" என்றார் சிஸ்டர். "சீஃப் நின்னுக்கினு இருக்கும்போது சின்ன டாக்டரு பேர மேல எழுத முடியுமா? அவரு லீவுல இருந்தாக்கூட அவரு பேருதான் மொதல்ல போடுவோம். அது மரியாதம்மா."

"அந்த மரியாததான் சிஸ்டர் எங்களக் கவுத்துடுச்சு."

"எனக்கு இன்னா தெரியும்? பேர எடுத்துட்டா சாருக்கு மனசு வுட்டுப் போவும்னு நெனச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினார். "மொதல்ல துன்னுங்க. பால் குடுக்கிற ஒடம்பு." பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல், "சாரு கை சும்மாவா? எட்டாம் நம்பர் கிளவுஸ். தியேட்டர்ல வேற ஆருக்கும் எட்டு கெடையாது. சின்ன டாக்டருங்க எல்லாம் ஆறரை, ஏழு. சாரு பொட்டி பார்மசில பிரிக்காம அப்படியே கெடக்குது. பாத்தாலே வயிறு எரியும்."

முறுக்கு என் கையிலேயே நின்றது. "யாரு எந்த நம்பர் போட்டாங்கன்னு எங்கனா எழுதுவீங்களா சிஸ்டர்?"

"ஒவ்வொரு கேஸுக்கும் சீட்டு எழுதி அனுப்பாம பார்மசில சும்மா தூக்கிக் குடுத்துடுவானா?"

பதினொரு கேஸுக்கும் சீட்டு இருந்தது. நோயாளிகளின் பெயரை மறைத்து நகல் கொடுத்தார்கள். ஆறரை, ஏழு, மறுபடி ஏழு. எட்டு எதிலுமே இல்லை. இவர் பக்கத்தில் நிற்க மட்டுமே செய்தார் என்று சிஸ்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்காக மருத்துவமனையில் யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கம்பெனியின் குறைதீர்க்கும் பிரிவுக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து அதே பதில். அதன் பிறகு இன்சூரன்ஸ் குறைகளை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதினேன். அங்கே வக்கீல் வைக்க முடியாது. நாமேதான் பேச வேண்டும். விசாரணை வீடியோவில் நடந்தது. கண்ணாடி இல்லாத அந்த பீரோவில் லேப்டாப்பைச் சாய்த்து வைத்தோம். மனைவி பேசட்டும் என்று இவர் அனுமதி கேட்டார். மூத்தவளின் நான்கு கோடு நோட்டில் எழுதி வைத்திருந்ததை நான் தெலுங்கும் இங்கிலீஷுமாகப் படித்தேன்.

கம்பெனிக்காரர் குறுக்கிட்டார். "கிளவுஸ் நம்பரெல்லாம் ஒரு ஆதாரமா மேடம்? அவசரத்துக்கு ஏழு போட்டிருப்பார்."

அவர் இதைக் கேட்கக்கூடும் என்று பயந்து பயந்தே ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருந்தேன். "ஏங்க, எடது கைய நீட்டுங்க." ஏழாம் நம்பர் கையுறை அவருடைய கட்டைவிரல் மேட்டில் சிக்கிக்கொண்டது. நான் இழுத்தேன், அவர் இழுத்தார். பட்டென்று மணிக்கட்டுவரை கிழிந்தது.

ஆம்புட்ஸ்மேன் அதிகாரி சிரித்துவிட்டார். "நல்ல கையிலேயே நுழையவில்லையே, சார்" என்றார் கம்பெனிக்காரரிடம். பிறகு சிரிப்பை நிறுத்தி, "டாக்டர், வலது கையால் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்ட முடியுமா?" என்று கேட்டார்.

நூலைக் கொடுத்தேன். மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் விரலிலிருந்து நழுவியது தெரியாமல் வெறும் காற்றை இழுத்தார். நூலைக் கீழே வைத்துவிட்டு, "என்னால் முடியவில்லை, சார்" என்றார். விபத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சில வாரங்களில் உத்தரவு வந்தது. விபத்து நடந்த நாளிலிருந்து கணக்கிட்டு முழுவதும் கொடுக்க வேண்டும், இனியும் மாதாமாதம் தொடர வேண்டும். நான் எதையாவது தவறாகப் புரிந்துகொண்டிருப்பேனோ என்று மூன்று முறை படித்தேன். நான்காவது முறை அவரையே உரக்கப் படிக்கச் சொன்னேன். மூத்தவள் எதற்கென்று தெரியாமலே கட்டிலில் ஏறிக் குதித்தாள்.

சிஸ்டருக்குப் போன் செய்தால் ஒரே கூச்சல். "ஏழுமலையான் கண்ணத் தொறந்துட்டாம்மா! அது சரி, இனிமே ரிஜிஸ்டர்ல சாரு பேர எங்க எழுதறது?"

அவர் போனை வாங்கினார். "கடைசி வரில எழுதுங்க சிஸ்டர். பக்கத்துல நின்னாருன்னு."

தொட்டில் கம்பியில் கட்டியிருந்த நூலை அன்றைக்கு அவரே அறுத்துப் போட்டார். இப்போது அவரிடம் தொழில் கற்க வரும் இளைய டாக்டர்கள் காத்திருக்கிறார்கள். யார் வீட்டுக்கு வந்தாலும் இந்தக் கதையைச் சொல்கிறார், கையுறை கிழிந்த இடத்தில் நடித்தும் காட்டுகிறார். ஆரம்பம் மட்டும் எப்போதும் ஒன்றுதான். "எல்லாம் எங்க வூட்டுக்கு வர்ற அக்கா பண்ண வேல." பாத்திரம் துலக்கிக்கொண்டே அந்த அக்கா, "ஆமா சார், நாந்தான்" என்று சிரிப்பார். சிரித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். விசாரணைக்காரர் வந்த அன்று அவர் வேலைக்கே வரவில்லை.

வீட்டு ஆம்பிளை சும்மா இருக்கிறார் என்று வாசலில் நின்று சொல்லக்கூடாது என்று சொல்லி வளர்த்தார்கள். அதனால் வந்த பழக்கமா, பெருமையா, இல்லை பால் பொங்கிவிடும் என்ற அவசரமா? எது என்று தெரியாமல் அவரிடம் எதைப் போய்ச் சொல்வது? முன்பின் தெரியாத அதிகாரியிடம் அவர் முடியவில்லை என்று சொன்னார். எனக்கு வீட்டுக்குள்ளேயே வாய் வரவில்லை. ஜெயித்து முடிந்த பிறகு இதைச் சொல்வது அவருடைய சந்தோஷத்தைக் கெடுப்பதாகுமா? சொல்லாமல் இருந்தால், அந்த அக்கா இன்னும் எத்தனை நாள் என் பழியைச் சிரித்துக்கொண்டே சுமப்பார்? இப்படி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியவர்கள் உங்களில் இருந்தால், சொல்வதா வேண்டாமா, சொல்வதென்றால் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று எனக்கு எழுதுங்கள்.