கடைசிக் கட்டிலின் தலைமாடு

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அக்கா நாற்காலியைக் கீழே கீழே இறக்குகிறார். முகவாய் மேசை விளிம்பைத் தொட்டால்தான் அவருக்கு வேலை ஓடும். கணினிக்குள் தாம் எழுப்பிய மருத்துவமனையில் இப்போது அவர் ஒரு நோயாளியாக ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து போய்க்கொண்டிருக்கிறார். "இந்த லைட்டு நேரா கண்ணுல குத்துது. படுத்திருக்கிறவங்க எங்க போவாங்க?" என்று முணுமுணுத்து, விளக்கைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்துகிறார்.

அலுவலகத்தில் அவருக்கு 'பேஷண்ட் அக்கா' என்று பெயர். சுவர், கதவு, குழாய், கட்டில் என ஒன்று விடாமல் கணினியில் கட்டிப் பார்த்து, செங்கல் வைக்குமுன் தப்பைப் பிடிப்பது அவர் வேலை. ஏசிக் குழாய் உத்தரத்தில் முட்டினால் திரை சிவக்கும். கூடவே அக்காவின் முகமும். இத்தனை கூர்மையான கண்ணுக்குத் தம் சாப்பாட்டு டப்பா மட்டும் தெரியாது. அது வீட்டு மேசையிலேயே இருப்பதாக வீட்டுக்காரர் போன் செய்து சொல்வார்.

ஒரு காலத்தில் அக்காவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. குரல் எழும்பாமல் கிடந்த ஒரு மத்தியானம் மூச்சு அடைத்தது. அழைப்பு மணியோ கட்டிலுக்கு அடியில் விழுந்து கிடந்தது. எதிரே மேசையில் எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் தற்செயலாக நிமிர்ந்தார்; பேனாவைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அந்தம்மா பேருகூடத் தெரியாது எனக்கு. இந்த உயிரு அவங்க போட்ட பிச்சை. தெனமும் கம்ப்யூட்டரைப் போடறப்ப ஒரு நிமிஷம் அவங்கள நெனச்சுக்குவேன்," என்பார். கண் கலங்கும். மறைக்க மாட்டார்.

அதனால் அக்கா வரையும் வார்டுகளில், நர்ஸ் மேசையிலிருந்து ஒவ்வொரு முகமும் தெரிந்தாக வேண்டும். அண்மையில் கட்டிய ஒரு வார்டிலும் கட்டில் கட்டிலாகப் படுத்துப் பார்த்து, எல்லாம் சரி என்று சொல்லியும் ஆகிவிட்டது. உட்சுவர்கள் எழும்பப் போகிற வாரத்தில்தான் தப்பு கண்ணில் பட்டது. கடைசிக் கட்டிலின் ஆக்ஸிஜன் குழாய் ஒரு பக்கம் இருக்க, தலையணை எதிர்ப்பக்கம் கிடந்தது. கணினியில் ஆயத்தமாகக் கிடைக்கும் கட்டிலை எடுத்துத் தலைமாடு கால்மாடு மாற்றி வைத்திருக்கிறார். சரியாகத் திருப்பினாலோ, நோயாளி முகத்துக்கும் நர்ஸ் மேசைக்கும் நடுவில் படுக்கை விரிப்புகள் வைக்கும் அறையின் சுவர்.

"கால்மாட்டுல இருந்து பாத்துட்டு, தலைமாட்டுக்குச் சரின்னுட்டேனே," என்று தலையில் கை வைத்துக்கொண்டவர், நேரே தலைமைப் பொறியாளரிடம் போனார்.

"சார், தப்பு என்னுது. அந்தச் சுவரைத் தள்ளணும்."

"ஒரு கட்டிலுக்காகவா? கொத்தனாருங்க வந்தாச்சும்மா. அதான் மணி வெச்சிருக்கோமே, அழுத்தினா வரப்போறாங்க."

"கைக்கு எட்டினாத்தானே சார் அழுத்துறது."

வாதம் வளர்க்காமல், அவரைத் தம் நாற்காலியில் உட்காரவைத்துக் கீழே இறக்கிவிட்டார். கடைசிக் கட்டிலில் படுத்திருப்பவரின் பார்வையில், திரை முழுக்க வெறும் சுவர். பொறியாளர் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்; நர்ஸ் மேசை தெரியவில்லை.

"சரி, சுவரைத் தள்ளிடலாம். விரிப்பு அறை சின்னதானாப் பரவாயில்ல. இனிமே கம்ப்யூட்டர்ல தலையணைக்கு ஒரு கலர் அடிச்சு வைங்க தாயே," என்றார். அக்கா கும்பிட்டார்.

வார்டுக்குக் கட்டில்கள் வந்து இறங்கிய அன்று, செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசிக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். மேசையில் மாத்திரைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸுக்கு இவர் யாரென்று தெரியாது. அக்கா கூப்பிடவில்லை. கையை மட்டும் லேசாக உயர்த்தினார். நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். பெட்டியை வைத்துவிட்டு விறுவிறுவென்று வந்தார்.

"என்னம்மா, என்ன செய்யுது?" என்று நெற்றியில் கை வைத்தார்.

அக்கா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விடவில்லை.